கிணற்றில் மருந்து போட்ட பிறகும் டி.என்.ஏ. சோதனையில் ஈ.கோலை வருகிறதே?

ஜூன் 9, மாலை 6.40. வேலந்தாவளத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டது

அக்கா, போன வாரம் எங்கள் வீட்டுக் கிணற்றுக்குப் பிளீச்சிங் பவுடர் போட்டோம். அதன் பிறகு தண்ணீரை இரண்டு இடத்தில் சோதித்தோம். ஒன்று பாக்டீரியாவை வளர்த்துப் பார்க்கிற சோதனை, அந்த ரிப்போர்ட்டில் ஈ.கோலை இல்லை என்று இருக்கிறது. இன்னொன்று டி.என்.ஏ. சோதனை. கோயம்புத்தூரில் படிக்கும் என் மச்சினன் அவனுடைய கல்லூரி லேபில் செய்து பார்த்தான். அதில் ஈ.கோலை இருக்கிறது என்று வந்துவிட்டது. வளர்த்துப் பார்க்கிற சோதனை எல்லாம் பழசு, டி.என்.ஏ. பொய் சொல்லாது என்கிறான். வீட்டில் எட்டு மாதக் குழந்தை இருக்கிறது. கிணற்றை மூடிவிட்டு லாரித் தண்ணீர் வாங்கலாமா?

ஜூன் 9, இரவு 10.15

கிணற்றை மூட வேண்டாம் தம்பி. குடிக்கிற தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுங்கள். குழந்தைக்குக் கஞ்சி காய்ச்ச, புட்டி கழுவ எல்லாவற்றுக்கும் அதுவே போகட்டும். இன்று ராத்திரி இது போதும்.

உங்கள் இரண்டு ரிப்போர்ட்டும் ஒரே சமயத்தில் சரியாக இருக்க வழியிருக்கிறது. மச்சினன் செய்த டி.என்.ஏ. சோதனைக்குப் பி.சி.ஆர். என்று பெயர். அது தேடுவது, குடலில் வாழ்கிற ஈ.கோலை பாக்டீரியாவின் டி.என்.ஏ.வில் ஒரு சின்னத் துண்டை. அந்தத் துண்டு உயிரோடு இருக்கிற பாக்டீரியாவுக்குள் இருக்கலாம், செத்துப்போனதன் கூட்டுக்குள் இருக்கலாம், கூடு உடைந்து வெறுமனே தண்ணீரில் மிதந்துகொண்டும் இருக்கலாம். இயந்திரத்துக்கு வித்தியாசம் தெரியாது. எது கிடைத்தாலும் நகல் எடுத்துப் பெருக்கிக் காட்டிவிடும். கொரோனா சமயத்தில் பார்த்தோமே, காய்ச்சல் விட்டு ஆள் எழுந்து நடமாடின பிறகும் சிலருக்கு வாரக்கணக்கில் பாசிடிவ் என்றே வந்துகொண்டிருந்தது. அதே கதைதான்.

மச்சினன் செய்த சோதனையில் தவறு இருப்பதாக நான் சொல்லவில்லை. அவர் கேட்ட கேள்வி வேறு. "இந்தத் தண்ணீரில் ஈ.கோலையின் டி.என்.ஏ. உண்டா?" என்று கேட்டார், உண்டு என்று பதில் வந்தது. குழந்தைக்குக் கொடுக்கலாமா என்பதற்கு அது பதில் ஆகாது.

ஜூன் 10, காலை 7.05

ராத்திரி தூக்கக் கலக்கத்தில் கேட்க மறந்தவை. எவ்வளவு பவுடர் போட்டீர்கள்? போட்டு எத்தனை மணி நேரம் கழித்துத் தண்ணீர் எடுத்தீர்கள்? எந்தக் குப்பியில் எடுத்தீர்கள்?

மூன்றாவது கேள்விதான் எனக்கு முக்கியம். குளோரின் போட்ட தண்ணீரைச் சோதனைக்கு எடுக்கிற குப்பியில் முன்கூட்டியே கொஞ்சம் சோடியம் தயோசல்பேட் இருக்க வேண்டும். அது மிச்சமிருக்கிற குளோரினை உடனே முறித்துவிடும். இல்லாவிட்டால் குப்பியை பஸ்ஸில் எடுத்துக்கொண்டு போகிற நேரம் முழுக்கக் குளோரின் உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கும். லேபுக்குப் போய்ச் சேரும்போது கிணற்றில் உயிரோடு இருந்ததுகூடச் செத்திருக்கும். அப்புறம் "இல்லை" என்று வருகிற ரிப்போர்ட்டை எப்படி நம்புவது?

ஜூன் 10, மதியம் 1.30

தம்பி பதில் போட்டிருக்கிறார். பவுடர் "இரண்டு கை". மதியம் போட்டு சாயங்காலமே தண்ணீர் எடுத்தாயிற்று. குப்பி, கழுவின சோடா பாட்டில்.

ஆக, நேற்று நான் சொன்னதைப் பாதி திருப்பி எடுத்துக்கொள்கிறேன். இரண்டு ரிப்போர்ட்டும் சரியாக இருக்கலாம் என்றேன். இப்போது பார்த்தால் இரண்டையுமே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. "இருக்கிறது" என்றது செத்ததைக் காட்டியிருக்கலாம். "இல்லை" என்றது வழியில் செத்ததை விட்டிருக்கலாம்.

கைக் கணக்கு வேண்டாம். கிணற்றின் குறுக்களவை மீட்டரில் அளந்து அதை அதாலேயே பெருக்குங்கள். தண்ணீர் நிற்கிற உயரத்தால் பெருக்கி, 3.14ஆல் பெருக்கி, 4ஆல் வகுத்தால் கன மீட்டர் வரும். 3 மீட்டர் குறுக்களவு, 4 மீட்டர் தண்ணீர் என்றால் சுமார் 28,000 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பவுடர் என்ற கணக்கில் சுமார் 70 கிராம் ஆகிறது. மழை வெள்ளத்துக்குப் பிறகு, நோய் பரவுகிற சமயத்தில் இதைப்போல இரண்டு மடங்கு. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கின பிறகு தெளிந்ததை மட்டும் இன்னொரு வாளியில் ஊற்றி, அதைத் தண்ணீருக்குள் இறக்கி மேலும் கீழும் ஆட்டுங்கள். குறைந்தது ஒரு மணி நேரம் யாரும் தண்ணீர் இறைக்கக் கூடாது. பவுடர் பொட்டலம் திறந்து கிடந்து கட்டியாகிப் போயிருந்தால் அதில் குளோரின் பாதிகூட இருக்காது, புதுசு வாங்குங்கள்.

ஜூன் 11, இரவு 9.50

"வளர்க்கிற சோதனை பழசு" என்ற பேச்சு மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. பழசுதான். நான் பாலக்காட்டில் ஒரு தனியார் லேபில் பதினோரு வருஷமாகச் செய்வது பெரும்பாலும் அதுதான்.

மெக்கான்கி பிராத் என்று ஊதா நிறத்தில் ஒரு திரவம். அதை வரிசையாக டியூப்களில் ஊற்றி, ஒவ்வொன்றிலும் தீக்குச்சி நீளம்கூட இல்லாத ஒரு கண்ணாடிக் குழாயைத் தலைகீழாகப் போட்டு, நீராவிச் சூட்டில் கிருமி நீக்குகிற ஆட்டோகிளேவில் வைப்போம். பிறகு தண்ணீர் சாம்பிளை 10 மில்லி, 1 மில்லி, 0.1 மில்லி என்று மூன்று அளவில் சேர்த்து 37 டிகிரி இன்குபேட்டரில் ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள். மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் தெரிந்துவிடும். ஊதா மஞ்சளாகியிருக்கும், குட்டிக் குழாயின் உச்சியில் ஒரு குமிழி நிற்கும். பாக்டீரியா சர்க்கரையைத் தின்று, புளிக்க வைத்து, வாயுவை விட்டிருக்கிறது. செத்தது தின்னாது. குமிழியைப் பார்த்தால் யாரும் எனக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை, உள்ளே உயிர் இருக்கிறது. மஞ்சளானதை 44 டிகிரியில் வைத்து ஈ.கோலைதானா என்று உறுதி செய்வோம்.

பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் சுலபமாகச் சொல்லலாம். மரத்திலிருந்து இறக்கின கள் பானையில் நுரைத்துக்கொண்டே இருக்கும். அதே கள்ளைக் கொதிக்க வைத்து ஆற்றினால் நுரைக்காது. ஆனால் ஈஸ்ட்டின் டி.என்.ஏ. அதில் எங்கும் போய்விடவில்லை. பி.சி.ஆர். இயந்திரம் இரண்டு பானையையும் கள் என்றே சொல்லும். நுரையைப் பார்க்கிறவனுக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

ஜூன் 12, காலை 6.30

ஒருவர் எழுதியிருக்கிறார், கொரோனா ஆர்.என்.ஏ. வைரஸ், டி.என்.ஏ. இல்லை என்று. சரிதான். அதை முதலில் டி.என்.ஏ.வாக மாற்றிவிட்டுத்தான் நகல் எடுப்பார்கள், உதாரணம் கெடவில்லை. இருந்தாலும் நான் சொல்லியிருக்க வேண்டும்.

ஜூன் 12, இரவு 10.40

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். டி.என்.ஏ. சோதனையையே உயிருள்ளதை மட்டும் பார்க்க வைக்க முடியுமா? முடியும், ஒரு அளவுக்கு.

2003இல் நார்வேக்காரர்கள் ஒரு சாயத்தை வைத்து இதைச் செய்து காட்டினார்கள், எத்திடியம் மோனோஅசைடு. அது சில உயிருள்ள பாக்டீரியாவுக்குள்ளும் நுழைந்துவிட்டதால் கணக்கு கெட்டது. 2006இல் அமெரிக்காவில் மொன்டானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அதற்குப் பதிலாகப் புரொப்பீடியம் மோனோஅசைடைப் பயன்படுத்தினார்கள், சுருக்கமாக பி.எம்.ஏ. இதன் மேல் மின்னேற்றம் அதிகம், பாக்டீரியாவைச் சுற்றி முழுசாக இருக்கிற சவ்வைத் தாண்டி உள்ளே போக முடியாமல் நின்றுவிடும். சவ்வு கிழிந்த பாக்டீரியாவுக்குள் போய் டி.என்.ஏ.வோடு ஒட்டி உட்காரும். அதன் மேல் பலமான வெளிச்சம் அடித்தால் அந்த ஒட்டு நிரந்தரமாகிவிடும், அப்புறம் அந்த டி.என்.ஏ.வை நகல் எடுக்க முடியாது. ஒட்டாமல் மிஞ்சின சாயம் வெளிச்சத்தில் தண்ணீரோடு வினைபுரிந்து செயலிழந்துவிடும். ஆக, பி.சி.ஆரில் மிஞ்சி வருவது சவ்வு முழுசாக இருந்தவற்றின் டி.என்.ஏ. மட்டும்.

இதை நான் கையால் செய்திருக்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் லேபில் முயற்சி செய்து பார்க்கலாம் என்று சார் அனுமதி கொடுத்தார். சாயம் வாங்கவே பட்ஜெட் தீர்ந்துபோனது, வெளிச்சம் அடிக்கிற கருவிக்குப் பணம் இல்லை. ஆரம்பகால ஆராய்ச்சிகளில் 500, 650 வாட் ஹாலஜன் விளக்குதான் பயன்படுத்தினார்கள் என்று படித்ததும் எனக்குக் கொழிஞ்சாம்பாறையில் கல்யாண வீடியோ எடுக்கிற அண்ணன் ஞாபகம் வந்தார். பழைய ஹாலஜன் லைட் இரண்டு அவர் கடைப் பரணில் கிடந்தன. ஸ்டாண்டோடு கொடுத்து அனுப்பினார்.

ஜன்னலுக்குக் கறுப்புச் சார்ட் பேப்பர் ஒட்டினோம். சாயம் பகல் வெளிச்சத்திலேயே கெட்டுவிடும். மங்கலான மூலையில் நின்று, ஆரஞ்சுச் சிவப்பில் இருந்த அந்தச் சாயத்தை டியூப் டியூப்பாகச் சேர்த்தேன். ஐந்து நிமிஷம் இருட்டில் வைத்தோம். அப்புறம் டியூப்களை ஐஸ் தட்டில் படுக்க வைத்து 20 செ.மீ. உயரத்திலிருந்து லைட்டைப் போட்டோம். அறை அடுப்பங்கரை மாதிரி ஆகிவிட்டது. ஐஸ் உருக உருக நான் அள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன். ஐஸ் தீர்ந்தால் சூட்டிலேயே உயிருள்ளதும் செத்துவிடுமே என்று பயம். இப்போது நீல எல்.இ.டி. கருவிகள் வந்துவிட்டன, சூடு இல்லை.

வேண்டுமென்றே சூட்டில் கொன்ற ஈ.கோலையும் உயிருள்ள ஈ.கோலையும் தனித்தனியாக வைத்திருந்தோம். எத்தனையாவது நகல் சுற்றில் டி.என்.ஏ. தெரிய ஆரம்பிக்கிறது என்பதுதான் சி.டி. எண், டி.என்.ஏ. குறைவாக இருந்தால் எண் பெரிதாகும். சாயம் போடாதபோது இரண்டுக்கும் சி.டி. எண் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்தது. சாயம் போட்டதும் உயிருள்ளது அசையவில்லை, கொன்றது பத்து சுற்றுக்கு மேல் பின்னால் தள்ளிப்போனது. 3.3 சுற்றுக்கு ஒரு பத்து மடங்கு என்று கணக்கு. பத்து சுற்று என்றால் ஆயிரம் மடங்கு குறைந்திருக்கிறது. திரையில் அந்தக் கோடு எழும்பாமல் தரையோடு ஊர்ந்துகொண்டே போனதைப் பார்த்தபோது கை தட்டிவிட்டேன்.

ஜூன் 13, காலை 8.20

மீனாட்சிபுரத்திலிருந்து ஒரு ஆசிரியர் கேட்கிறார்: "சவ்வு கிழியாமலே சாகிற பாக்டீரியா உண்டா? எங்கள் வீட்டு ஃபில்டரில் புற ஊதா விளக்கு இருக்கிறது."

உண்டு சார். நேற்று ஆர்வத்தில் அதை விட்டுவிட்டேன். புற ஊதா ஒளி டி.என்.ஏ.வைத்தான் நேராகத் தாக்குகிறது. டி.என்.ஏ. வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற தைமின் என்ற எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பாக்டீரியாவால் பெருக முடியாது. ஆனால் சவ்வு அப்படியே நிற்கும். பி.எம்.ஏ. வெளியே நின்றுவிடும். உங்கள் ஃபில்டர் தண்ணீரை நான் சோதித்தால், பெருக வழியில்லாத பாக்டீரியாவை உயிரோடு இருக்கிறது என்று எழுதிவிடுவேன். இதற்கு ஒரு கைவழி உண்டு. நகல் எடுக்கிற துண்டை நீளமாக வைத்துக்கொள்வது. நூறு எழுத்துத் துண்டு சேதத்துக்குத் தப்பிவிடலாம், ஆயிரம் எழுத்துத் துண்டில் எங்காவது ஒரு முடிச்சு விழுந்திருக்கும், நகல் அங்கே நின்றுவிடும்.

கொதிக்க வைத்துக் கொன்றால் சவ்வு நன்றாகக் கிழியும், பி.எம்.ஏ. அழகாக வேலை செய்யும். குளோரின் இரண்டுக்கும் நடுவில். பலமாகப் போட்டால் சவ்வு கிழியும். கொஞ்சமாகப் போட்டால் சவ்வு ஒழுங்காக இருக்க உள்ளே உயிர் போயிருக்கலாம். "இரண்டு கை" என்ன செய்திருக்கும் என்று சொல்வது கஷ்டம்.

ஜூன் 15, இரவு 11.10

விடுமுறை, அதனால் கொஞ்சம் விலகிப் போகிறேன்.

1982ஆம் வருஷம் எனக்குப் பிடித்த வருஷம். அந்த வருஷம் குவாலியரில் உள்ள பாதுகாப்புத் துறை ஆராய்ச்சிக்கூடத்து விஞ்ஞானிகள் ஒரு சின்னக் குப்பியை உலகத்துக்குக் கொடுத்தார்கள். உள்ளே மருந்து தோய்த்த காகிதப் பட்டை. தண்ணீரை ஊற்றி மூடி வைத்தால், மலக் கலப்போடு சேர்ந்து வரும் பாக்டீரியா ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை விட்டு ஒன்றிரண்டு நாளில் தண்ணீரைக் கறுப்பாக்கிவிடும். லேப் வேண்டாம், கரண்ட் வேண்டாம். இன்றும் ஊர் ஊராக அதைக் கொண்டுபோய்ச் சோதிக்கிறார்கள்.

அதே 1982இல் அமெரிக்காவில் ரீட்டா கோல்வெல் குழுவினர், காலரா பாக்டீரியாவும் ஈ.கோலையும் பிளேட்டில் வளராமல் போனாலும் உயிரோடு இருக்க முடியும் என்று எழுதினார்கள். குளிர், பட்டினி, உப்பு என்று கஷ்டம் வந்தால் ஒரு மாதிரி ஒடுங்கிவிடும். நாம் சோறு வைத்தாலும் எழுந்து சாப்பிடாது. இன்குபேட்டரைத் திறந்தால் ஊதா ஊதாவாகவே இருக்கும். ஆனால் செத்துப்போகவில்லை.

ஒரு பக்கம் "வளர்ந்தால் உயிர்" என்ற எளிய குப்பி, இன்னொரு பக்கம் "வளராததும் உயிரோடு இருக்கலாம்" என்ற செய்தி, ஒரே வருஷத்தில். ஜூன் 11 அன்று குமிழியைப் பற்றி அவ்வளவு உறுதியாக எழுதினேன். குமிழி வந்தால் உயிர் உண்டு, அதில் மாற்றமில்லை. குமிழி வராவிட்டால் உயிர் இல்லை என்று நான் எழுதவில்லைதான், ஆனால் படிக்கிறவர்களுக்கு அப்படித்தான் தோன்றியிருக்கும்.

அதே கோல்வெல் குழு பங்களாதேஷ் கிராமங்களில் பழைய பருத்திச் சேலையைப் பல மடிப்பாக மடித்துத் தண்ணீர் வடிகட்டச் சொல்லி, காலராவை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தார்கள். 2003இல் வெளியிட்டார்கள். காலரா பாக்டீரியா கண்ணுக்குத் தெரிகிற சின்ன நீர்ப்பூச்சிகளில் ஒட்டிக்கொண்டிருப்பதால் துணியில் மாட்டிக்கொள்ளும். தனியாக நீந்துகிற ஈ.கோலை சேலையில் நிற்காது, நம்பி இறங்கிவிடாதீர்கள்.

ஜூன் 17, இரவு 9.30

இந்த விஷயத்தில் எனக்கு ஆர்வம் வந்தது எப்படி என்று ஒரு தங்கை கேட்டிருக்கிறார்.

எங்கள் லேப் கவுண்டரில் பாதிப் பேர் மலையாளம், பாதிப் பேர் தமிழ். மலையாளத்துக்காரர்கள் "உண்டோ?" என்பார்கள், நம்மவர்கள் "இருக்குதா?" என்பார்கள். நானும் உண்டு, இல்லை என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் எருத்தேன்பதியிலிருந்து ஒரு அம்மா வந்தார், எழுபது வயது இருக்கும். பேரன் வயிற்றுப்போக்கில் படுத்து எழுந்திருந்தான். பஞ்சாயத்து ஆட்கள் வந்து கிணற்றுக்கு மருந்து போட்டிருந்தார்கள். ரிப்போர்ட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "அது உசுரோட இருக்குதா கண்ணு, செத்துப்போச்சா?"

நான் படித்த மைக்ரோபயாலஜியில் அதுவரை யாரும் என்னிடம் அவ்வளவு சரியாகக் கேட்டதில்லை. அன்று கையில் இருந்தது வளர்த்துப் பார்த்த ரிப்போர்ட், அதனால் செத்துப்போச்சு அம்மா என்றேன். சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது ஒடுங்கிக் கிடக்கிறதைப் பற்றி யோசித்தேன். அடுத்த வாரமே சாரிடம் பி.எம்.ஏ. வாங்கலாமா என்று கேட்டேன்.

ஜூன் 18, இரவு 10.00

கல்யாண லைட் கதையின் மீதி. நல்லது மட்டும் சொல்லி நிறுத்தினால் நியாயமில்லை.

சுத்தமான தண்ணீரில் வெற்றி கண்ட பிறகு நிஜக் கிணற்றுத் தண்ணீர் எடுத்தோம். கோடை மழை பெய்து ஓய்ந்த சமயம், தண்ணீர் டீ நிறத்தில் கலங்கியிருந்தது. குளோரின் போட்ட கிணறு. வளர்த்துப் பார்த்ததில் ஒன்றும் இல்லை. பி.எம்.ஏ. போட்ட பி.சி.ஆரில் பளிச்சென்று ஈ.கோலை. ஒடுங்கிக் கிடக்கிற பாக்டீரியாவைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று இரண்டு நாள் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. நோட்டில் "உயிருள்ளவை" என்று சிவப்பு மையில் எழுதினேன்.

மூன்றாம் நாள் ஏதோ உறுத்தியது. அதே தண்ணீரில் கொஞ்சத்தை எடுத்து நன்றாகக் கொதிக்க வைத்து, மறுபடி அதே சோதனை. கொதித்த தண்ணீரிலும் "உயிருள்ளவை" அதே அளவு வந்தன. கொதித்த பிறகு எது பிழைத்திருக்கும்? சாயம் வேலை செய்யவில்லை, அவ்வளவுதான். கலங்கலில் வெளிச்சம் உள்ளே இறங்கவில்லை, மண் துகள்கள் சாயத்தையும் பிடித்து வைத்துக்கொண்டன. சிவப்பு மையில் எழுதினதை அடித்துவிட்டுப் பக்கத்தில் தேதி போட்டுக் காரணம் எழுதினேன்.

அன்றிலிருந்து யார் பி.எம்.ஏ. முடிவு காட்டினாலும் நான் முதலில் கேட்பது, இதே தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பார்த்தீர்களா என்பதுதான். வேறு சுத்தமான தண்ணீரைக் கொதிக்க வைத்துக் காட்டினால் போதாது, இதே கிணற்றுத் தண்ணீர் வேண்டும்.

இன்னொன்று. செத்தவை மிக அதிகமாக இருந்து உயிருள்ளவை கொஞ்சமாக இருந்தால், சாயம் எல்லாச் செத்ததையும் மறைத்து முடிக்காது. மருந்து போட்ட கிணற்றில் நிலைமை அதுவேதான்.

டீ நிறத்தைச் சொன்னதும் ஞாபகம் வந்தது. இலை தழை மக்கின தண்ணீரில் ஹியூமிக் அமிலம் இருக்கும், அது பி.சி.ஆரையே முடக்கும். அப்போது இருப்பதும் இல்லை என்று வரும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆரம்பித்துவிட்டால் தென்னஞ்சருகும் புளிய இலையும் கிணற்றில் கொட்டிக்கொண்டே இருக்கும். கிணற்றுக்கு மேல் வலை கட்டுங்கள்.

ஜூன் 20, இரவு 9.15

தம்பியின் மச்சினனே எழுதியிருக்கிறார். ரொம்ப மரியாதையாக, பி.எம்.ஏ. வாங்கக் கல்லூரியில் பணம் இல்லை, வேறு வழி உண்டா என்று கேட்கிறார்.

உண்டு தம்பி, கிட்டத்தட்டச் செலவில்லாத வழி. சாம்பிளை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்றிலிருந்து இப்போதே டி.என்.ஏ. எடுங்கள். இன்னொன்றில் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு போட்டு 37 டிகிரியில் சில மணி நேரம் வைத்துவிட்டுப் பிறகு எடுங்கள். இரண்டின் சி.டி. எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செத்தது பெருகாது, எண் அப்படியே இருக்கும். உயிருள்ளது பெருகும், எண் இறங்கும். ஒடுங்கிக் கிடப்பதை இதுவும் விட்டுவிடும். ஆனால் செத்ததை உயிர் என்று சொல்லாது.

இதன் அண்ணன் மாதிரி ஒரு வழி ஆர்.என்.ஏ.வைப் பார்ப்பது. பாக்டீரியா வேலை செய்துகொண்டிருக்கும்போது டி.என்.ஏ.வின் கட்டளையைச் சுமந்து போகிற தூது ஆர்.என்.ஏ.வை உண்டாக்கிக்கொண்டே இருக்கும், அது நிமிஷக் கணக்கில் சிதைந்துவிடும். கிடைத்தால் சற்றுமுன் வரை உயிர் இருந்தது என்று அர்த்தம். "அப்படியானால் கொரோனா ஆர்.என்.ஏ. எப்படி வாரக்கணக்கில் நின்றது?" என்று முன்பு திருத்தினவரே கேட்கிறார். நல்ல கேள்வி. வைரஸின் ஆர்.என்.ஏ. உறைக்குள் பத்திரமாகச் சுருண்டிருக்கிறது. பாக்டீரியாவின் தூது ஆர்.என்.ஏ.வை அதன் சொந்த நொதிகளே நறுக்கிக்கொண்டிருக்கும். தண்ணீர் சாம்பிளில் அதைக் கெடாமல் பிடிப்பது பெரும்பாடு, நான் ஒரு முறை முயன்று கைவிட்டேன்.

ஜூன் 23, காலை 10.00

நாலு நாளாக ஒன்றை யோசித்துக்கொண்டிருந்தேன். மச்சினனுடைய ரிப்போர்ட்டை நான் மிகவும் இளக்காரமாகப் பேசிவிட்டேனோ என்று.

செத்த ஈ.கோலை தானாகக் கிணற்றில் முளைக்கவில்லை. மருந்து போடுவதற்கு முன் அது உயிரோடு உள்ளே வந்தது, ஏதோ ஒரு குடலிலிருந்து. டி.என்.ஏ. தண்ணீரில் நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் நிற்கும் என்பதால்தான் அந்தச் செய்தி நமக்குக் கிடைத்தது. மருந்து போட்டு நாம் அழித்த தடயத்தை அது காட்டிக்கொடுத்திருக்கிறது. வளர்க்கிற சோதனை இதைச் சொல்லியிருக்காது. பெரிய லேப்களில் இதே முறையில் மனிதக் குடலில் வாழ்கிற பாக்டீராய்டிஸ் வகைக்குத் தனியாக ஒரு டி.என்.ஏ. அடையாளம் வைத்துத் தேடி, மலம் மாட்டினுடையதா மனிதனுடையதா என்றுகூடப் பிரித்துவிடுகிறார்கள்.

அதனால் தம்பி, குழந்தைக்கு என்ன கொடுப்பது என்பதற்கு வளர்ப்புச் சோதனையைக் கேளுங்கள். கிணற்றுக்குள் எங்கிருந்து வந்தது என்பதற்கு மச்சினன் சோதனையை மதியுங்கள். ஒரு டேப்பை எடுத்துக் கழிப்பறைக் குழியிலிருந்து கிணறு வரை அளந்து சொல்லுங்கள். 15 மீட்டராவது இருக்க வேண்டும். கிணற்று மேடையில் விரிசல் உண்டா, குளிக்கிற தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, வாளிக் கயிறு தரையில் கிடக்கிறதா, எல்லாம் பாருங்கள்.

ஜூன் 26, இரவு 8.45

தம்பி அளந்துவிட்டார். குழி 17 மீட்டர், பரவாயில்லை. ஆனால் மேடையில் துணி துவைக்கிற கல்லுக்கு அடியில் கை நுழைகிற அளவுக்கு ஒரு விரிசல். தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் அப்படியே உள்வாங்கிக்கொள்கிறது. குழந்தையின் அழுக்குத் துணி அலசுவது அந்தக் கல்லில்தானாம். அவர் அம்மா, "நான் நல்லா மூணு தண்ணி ஊத்தி அலசறேனே" என்று அழுதுவிட்டாராம். அம்மாவிடம் சொல்லுங்கள், விரிசல் அவர் போட்டதில்லை.

கொத்தனார் வந்து சிமென்ட் பூசிவிட்டார். கல்லை இருபது அடி தள்ளிப் போட்டாயிற்று. நாளை 70 கிராம் கணக்கில், அளந்து, மருந்து.

ஜூன் 29, மாலை 5.20

மருந்து போட்டு ஒரு மணி நேரம் கழித்து எடுத்த தண்ணீரில் குளோரின் கிட் சொட்டு விட்டதும் மஞ்சளாகிற படம் அனுப்பியிருக்கிறார். நல்ல மஞ்சள். லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் கோட்டைத் தொடுகிறது.

இப்போதே சாம்பிள் எடுக்க வேண்டாம். குளோரின் முழுசாகப் போகட்டும், நாலைந்து நாள் வழக்கம்போல இறைத்துப் புழங்குங்கள், விரிசல் நிஜமாகவே அடைபட்டதா என்று அப்போதுதான் தெரியும். அதுவரை கொதிக்க வைப்பதை நிறுத்தாதீர்கள். நம் நாட்டுத் தர அளவுப்படி 100 மில்லி தண்ணீரில் ஒரு ஈ.கோலைகூடத் தெரியக் கூடாது, அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

இரண்டு குப்பிகளை ஆட்டோகிளேவ் செய்து, தயோசல்பேட் போட்டு, வாயில் அலுமினியத் தாள் சுற்றி வைத்திருக்கிறேன். ஒன்று எனக்கு, ஒன்று மச்சினனுக்கு. அவர் சோறு போட்டு ஒன்று, போடாமல் ஒன்று என்று இரண்டு முறையும் செய்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார், கூடவே அதே தண்ணீரைக் கொதிக்க வைத்து மூன்றாவதும். குப்பியின் மேல் மருந்து போட்ட தேதி, தண்ணீர் எடுத்த தேதி, நேரம் மூன்றையும் பால்பாயின்ட் பேனாவால் எழுதாதீர்கள், ஈரத்தில் போய்விடும், மார்க்கரில் எழுதுங்கள். வியாழக்கிழமை காலை கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டில் எட்டு மணிக்கு நிற்பேன். குப்பி என்னிடம் இருக்கிறது, ஐஸ் பெட்டி நீங்கள் கொண்டு வாருங்கள்.